மருத்துவம் படிக்காத நான் கிராம மருத்துவ முகாமுக்குப் போய் என்ன செய்ய முடியும்?

நீங்கள் கேட்டதன் சாரம் இது: கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறீர்கள், மருத்துவப் பயிற்சி எதுவும் இல்லை. வெளிநாடுகளில் உள்ள ஏழைக் கிராமங்களுக்குப் போய் ஒரு வாரம் இலவச மருத்துவ முகாம் நடத்தும் குழு ஒன்று உங்களைத் தன்னார்வலராகக் கூப்பிட்டிருக்கிறது. அங்கே உங்களால் உண்மையில் பயன் இருக்குமா, இடைஞ்சலாக ஆகிவிடுவீர்களா, எதற்கெல்லாம் தயாராக வேண்டும் என்று கேட்கிறீர்கள். நான் செவிலியர். பல ஆண்டுகளாக இப்படிப்பட்ட முகாம்களுக்குப் போய் வருகிறேன். ஆரம்பத்தில் நாங்கள் செய்த தவறுகளும் இந்தப் பதிலில் வரும், ஏனென்றால் கற்றதில் பாதி அவற்றிலிருந்துதான்.

போங்கள். ஆனால் "வருகிறேன்" என்று சொல்வதற்கு முன், கூப்பிட்டவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நாம் கிளம்பிப் போன மறுநாள் இந்த ஊர் நோயாளிகளை யார் பார்ப்பார்கள்?

நல்ல குழுவாக இருந்தால் பதில் தயாராக இருக்கும். இந்த ஊரின் சுகாதாரப் பணியாளர் இன்னார், பக்கத்து ஆஸ்பத்திரி இத்தனை தூரம், நாம் எழுதும் சீட்டின் ஒரு பிரதி அவரிடம் இருக்கும், நாம் தொடங்கி வைக்கும் மாத்திரை அங்கேயும் கிடைக்கும், அடுத்து இன்ன மாதம் வருவோம் என்று சொல்வார்கள். அந்த நாட்டு சுகாதாரத் துறைக்குத் தகவல் போயிருக்கிறதா, வெளியிலிருந்து வரும் மருத்துவர்களுக்கு அங்கே பார்க்க அனுமதி வாங்கியிருக்கிறதா என்பதையும் தயங்காமல் சொல்வார்கள். பதிலுக்கு "போன தடவை ஒரே நாளில் 400 பேரைப் பார்த்தோம்" என்று மட்டும் சொன்னால் கொஞ்சம் யோசியுங்கள். நீங்கள் கணக்குப் பார்ப்பவர், இதையும் போட்டுப் பாருங்கள். நான்கு மருத்துவர்கள், ஆறு மணி நேரம்: மொத்தம் 1,440 நிமிடம். 400 பேர் என்றால் ஆளுக்கு மூன்றரை நிமிடம் சொச்சம். மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும்போது ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு தடவை சொல்லப்படுகிறது, அதனால் அதில் பாதிதான் மிச்சம். அந்த நேரத்தில் ஒருவரின் தலைவலிக்கு மாத்திரை கொடுக்கலாம். ஏன் தலை வலிக்கிறது என்று கேட்க முடியாது.

இந்தக் கேள்வியை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு பாட்டி காரணம். என் இரண்டாவது முகாமில் அவருக்கு ரத்த அழுத்தம் மிகவும் அதிகமாக இருந்தது. மருத்துவர் மாத்திரை எழுதினார், நான் 30 மாத்திரைகளை எண்ணி உறையில் போட்டு, தினமும் காலையில் ஒன்று என்று சொல்லிக் கொடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். அடுத்த ஆண்டு அதே ஊருக்குப் போனபோது அதே உறையை மடியிலிருந்து எடுத்தார். உள்ளே இன்னும் 11 மாத்திரைகள் இருந்தன. தீர்ந்துவிட்டால் வேறு எங்கே வாங்குவது என்று தெரியாமல், தலை சுற்றும் நாளில் மட்டும் ஒன்று போட்டிருக்கிறார். ரத்த அழுத்த மாத்திரை அப்படி வேலை செய்யாது, தினமும் உள்ளே போனால்தான் பலன். நாங்கள் யாரும் அவரிடம் "இது முடிந்ததும் எங்கே போவீர்கள்?" என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தாலும் எங்களிடம் பதில் இல்லை. அந்த ஊரின் சுகாதாரப் பணியாளர் எங்கள் மேசைகளிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நின்றிருந்தார். அவரை நாங்கள் கூட்டத்தை ஒழுங்குபடுத்தத்தான் பயன்படுத்தினோம். இதை நினைக்கும்போது இன்றைக்கும் மனது வலிக்கிறது.

ஊரிலேயே இருக்கும் ஆள் என்ன செய்ய முடியும் என்பதற்கு நல்ல சான்று, மகாராஷ்டிரத்தின் ஜாம்கேட். ரஜனிகாந்த் அரோலே, மேபல் அரோலே என்ற மருத்துவத் தம்பதி 1970இல் அங்கே வேலையைத் தொடங்கினார்கள். கிராமத்துப் பெண்களை, அவர்களில் பலர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள், சுகாதாரப் பணியாளர்களாகப் பயிற்றுவித்தார்கள். கர்ப்பிணியைக் கவனிப்பது, பிரசவம் பார்ப்பது, குழந்தையின் எடையைப் பார்த்து வருவது, யாரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்று கண்டுபிடிப்பது எல்லாம் அந்தப் பெண்கள் கையில் வந்தது. 1979இல் அந்தத் தம்பதிக்கு மகசேசே விருது கிடைத்தது. அதற்கு முந்தைய ஆண்டு, 1978இல், அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக மாநாடு ஆரம்ப சுகாதாரத்தை எல்லா நாடுகளும் அடிப்படையாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அறிவித்தது. மக்கள் வசிக்கும் இடத்திலேயே, அவர்களின் பங்கேற்போடு சிகிச்சை நடக்க வேண்டும் என்பது அந்த அறிவிப்பின் மையம். நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும், ஒரு வார முகாம் அந்த ஊர்ப் பணியாளரின் கையைப் பலப்படுத்துகிறதா, அவரை ஓரம்கட்டுகிறதா என்று பாருங்கள். வெளியிலிருந்து வந்த வெள்ளை கோட்டுக்காரர்கள்தான் உண்மையான டாக்டர்கள் என்று ஊர் நினைக்கத் தொடங்கினால், நாம் போன பிறகு அவர் பேச்சை யாரும் கேட்க மாட்டார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். படிக்காதவரால் என்ன ஆகும்?

1971இல் வங்கதேசப் போரின்போது எல்லையைத் தாண்டி வந்த அகதிகள் மேற்கு வங்கத்தின் பன்காவ் முகாமில் காலராவால் செத்துக்கொண்டிருந்தார்கள். நரம்பில் ஏற்றும் சலைன் தீரும் நிலை, ஏற்றத் தெரிந்த ஆட்களும் குறைவு. திலீப் மஹலநாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரைப் பெரிய பீப்பாய்களில் தயார் செய்து, நோயாளிகளின் உறவினர்களையே கிண்ணம் கிண்ணமாகக் கொடுக்க வைத்தார். அதுவரை நூற்றுக்கு 30 பேர் அளவுக்கு இருந்த சாவு, இந்தக் கரைசல் கிடைத்தவர்களிடம் 3.6 ஆகக் குறைந்தது. உயிரைக் காத்த கைகள் அம்மாக்களுடையவை, அண்ணன்களுடையவை, பக்கத்துப் படுக்கைக்காரர்களுடையவை. என்ன கலக்க வேண்டும் என்பதை மருத்துவர் சொன்னார், பொறுமையாக உட்கார்ந்து கொடுத்தவர்கள் அவர்கள். முகாமில் உங்கள் இடமும் கிட்டத்தட்ட அதுதான். என்ன செய்வது என்பதை முடிவு செய்பவர் வேறு, அதைத் தப்பில்லாமல், பொறுமையாக, கடைசி ஆள் வரைக்கும் செய்து முடிப்பவர் நீங்கள்.

பெரும்பாலும் உங்களைப் பதிவு மேசையில் உட்கார வைப்பார்கள். அதைச் சின்ன வேலை என்று நினைக்காதீர்கள். விடிவதற்கு முன்பே வரிசை நிற்கும், சிலர் ராத்திரியே நடக்கத் தொடங்கியிருப்பார்கள். பேனாவை எடுப்பதற்கு முன் வரிசையின் நீளத்துக்கு ஒரு முறை நடந்து பாருங்கள். யார் நிற்க முடியாமல் படுத்திருக்கிறார், எந்தக் குழந்தை துவண்டு கிடக்கிறது, எந்தக் கர்ப்பிணிக்கு முகமும் கையும் வீங்கியிருக்கிறது, யாருக்கு வலிப்பு வந்தது, யார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறார் என்று பார்த்து, உடனே செவிலியரிடம் சொல்லுங்கள். அப்புறம் மூச்சு. ஒரு முழு நிமிடம் கடிகாரத்தைப் பார்த்து எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு 50 அல்லது அதற்கு மேல், ஒன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் 40 அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான மூச்சு. இருமலோடு இப்படி மூச்சு வாங்கும் குழந்தைக்கு நிமோனியா இருக்கலாம். இரண்டு மாதத்துக்குள் இருக்கும் கைக்குழந்தைக்கு 60 தான் எல்லை. எண்ணத் தெரிந்த யாரும் செய்யக்கூடிய வேலை இது. முந்நூறாவது ஆளாக நின்ற ஒரு குழந்தையை, ஒரு பள்ளி ஆசிரியை இப்படி எண்ணிப் பார்த்து முதல் ஆளாக உள்ளே கொண்டுவந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவில் பெயர் மட்டும் போதாது. ஒரே ஊரில் ஒரே பெயரில் பத்துப் பேர் இருப்பார்கள், பலருக்குத் தங்கள் வயது சரியாகத் தெரியாது. அப்பா அல்லது அம்மா பெயர், வீடு எந்தப் பக்கம், தொடர்புகொள்ள யாருடைய போன் என்று எழுதுங்கள். வீட்டில் ஏற்கெனவே என்ன மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்று கேளுங்கள், உறையைக் கொண்டுவந்திருந்தால் அதையே பார்த்து எழுதுங்கள். முன்பு ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாமல் போனதா என்பதைப் பெரிய எழுத்தில் குறியுங்கள். கையெழுத்து தெளிவாக இருக்கட்டும், ஏனென்றால் ஆறு மாதம் கழித்து வேறு யாரோ அதைப் படிக்கப் போகிறார்கள். அந்தச் சீட்டு நோயாளியிடம் ஒன்று, ஊர்ப் பணியாளரிடம் ஒன்று. முகாம் முடிந்ததும் எல்லாச் சீட்டுகளையும் பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு போகும் குழுக்களும் உண்டு. அந்தக் காகிதம் அந்த ஊருக்குச் சொந்தம்.

கொஞ்சம் பயிற்சி கொடுத்தால் எடையும் ரத்த அழுத்தமும் உங்களிடம் வரும். குழந்தைகளுக்கு மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது, வயதைப் பார்த்து ஊகிப்பது நல்ல வழியல்ல. அதனால் எடைக் கருவி காலையில் பூஜ்யத்தில் நிற்கிறதா, தரை சமமாக இருக்கிறதா என்று பார்ப்பதே ஒரு மருத்துவ வேலை. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் சுற்றி அளக்கும் நாடா கொடுப்பார்கள். 115 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சிவப்பு, கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு. 115க்கும் 125க்கும் இடையில் மஞ்சள். நாடாவை இறுக்கி இழுக்காதீர்கள், தொங்கவும் விடாதீர்கள். இரண்டு பாதங்களிலும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்தி, குழி விழுந்து அப்படியே நிற்கிறதா என்றும் பாருங்கள். குழி நின்றால், நாடா பச்சையாகவே இருந்தாலும் அந்தக் குழந்தையை உடனே மருத்துவரிடம் காட்டியாக வேண்டும்.

ரத்த அழுத்தத்தில்தான் முகாம்கள் அதிகமாகக் கோட்டை விடுகின்றன. வெயிலில் நடந்து, மணிக்கணக்கில் நின்று, புது ஆட்களைப் பார்த்துப் பதறியிருக்கும் ஒருவரை உட்கார வைத்த உடனே பட்டையைச் சுற்றினால் யாருக்கும் அதிகமாகத்தான் காட்டும். ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரட்டும். முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பதிந்து, கை நெஞ்சு உயரத்தில் மேசை மேல் இருக்கட்டும். சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அளவு ஏறும், முதலில் போய்வரச் சொல்லுங்கள். பருத்த கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் இல்லாத அழுத்தத்தை அது காட்டும். 140/90க்கு மேல் வந்தால் சற்றுப் பொறுத்து இன்னொரு முறை எடுத்து, இரண்டையும் எழுதுங்கள். ஒரே நாளின் ஒரே அளவை வைத்து ஒருவரை ஆயுள் முழுக்க நோயாளி ஆக்கக் கூடாது. ஆனால் 180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ பேச்சுக் குழறலோ இருந்தால் வரிசை, டோக்கன் எல்லாம் அப்புறம்.

இனி மருந்து மேசை. கணக்குத் தெரிந்தவருக்கு முகாமில் இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை என்பது என் எண்ணம். மருந்தாளுநரின் கண்காணிப்பில் எண்ணுவது, உறையில் எழுதுவது, இருப்பைப் பார்ப்பது எல்லாம் உங்களால் முடியும். இரண்டு பேர் எண்ணும் பழக்கம் வையுங்கள்: ஒருவர் எடுத்து வைக்க, இன்னொருவர் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்க்க. பெயர் ஒன்றுபோல் இருக்கும் மருந்துகளையும், ஒரே மருந்தின் வேறு வேறு மி.கி. அளவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்காதீர்கள். படிக்கத் தெரியாதவருக்கு உறையில் சூரியன், நிலா வரைந்து எத்தனை மாத்திரை என்று புள்ளி வையுங்கள். ஒரு குடும்பத்தில் நான்கு பேருக்கு மருந்து என்றால் நான்கு உறையையும் ஒரே கைப்பையில் போட்டு அனுப்பாதீர்கள். வீட்டுக்குப் போவதற்குள் அம்மா மருந்து பிள்ளைக்கு என்று ஆகிவிடும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் காட்டி, "இதை எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்" என்று திருப்பிக் கேளுங்கள். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். சொல்ல வைத்தால்தான் புரிந்ததா என்று தெரியும்.

உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை மட்டும் நீட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடாதீர்கள். சில பொட்டலங்கள் ஒரு லிட்டருக்கு, சில 200 மில்லிக்கு. லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கினால் உப்பு ஏறி குழந்தைக்கு ஆபத்து. அந்த அம்மாவின் வீட்டில் லிட்டர் அளவுக் குவளை இருக்காது. அதனால் வீட்டில் புழங்கும் பாத்திரம் ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி, அதில் ஒரு லிட்டர் ஊற்றி, எதுவரை வருகிறது என்று அடையாளம் போட்டுக் கொடுங்கள். அவர் கையாலேயே ஒரு முறை கலக்கட்டும். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுக்கலாம், தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். வயிற்றுப்போக்குக்குத் துத்தநாக மாத்திரையும் கொடுப்பார்கள். அது போக்கு நின்றுவிட்டாலும் மொத்தம் 10 முதல் 14 நாள் வரை தொடர வேண்டியது. நின்றதும் நிறுத்திவிடுவது வழக்கம், ஆகவே இரண்டு தடவை சொல்லுங்கள். பூச்சி மாத்திரை என்றால் சின்னக் குழந்தைக்குப் பொடித்துத் தண்ணீரில் கலந்துதான். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் போட்டால் மூச்சுக்குழாயில் சிக்கும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் அந்த மாத்திரை வேண்டாம் என்பதால், பெண்களிடம் தனியாக, மெதுவாகக் கேட்டுவிட்டுக் கொடுக்க வேண்டும்.

நன்கொடை மருந்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் போகிறீர்கள் என்று தெரிந்ததும் நண்பர்கள் வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனம் 1996இலேயே இதற்கு வழிகாட்டி நெறிகள் வெளியிட்டது. போய்ச் சேரும்போது காலாவதிக்குப் பொதுவாக ஓராண்டாவது மிச்சம் இருக்க வேண்டும், யாருக்கோ கொடுத்துத் திரும்பி வந்த மருந்தும் இலவச சாம்பிளும் கூடாது, மேலே எழுதியிருப்பது அங்குள்ள மருத்துவர்களுக்குப் புரிய வேண்டும், அவர்கள் கேட்டதைத்தான் அனுப்ப வேண்டும். நம் வீட்டில் ஒருவருக்குக் கொடுக்கத் தயங்கும் மருந்து ஏழைக்கும் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும்போது நோயாளியின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். சின்னச் சின்ன வாக்கியம், ஒரு நேரத்தில் ஒரு கேள்வி. பள்ளிக்குப் போகும் மகனை அம்மாவுக்கு மொழிபெயர்க்க வைக்காதீர்கள். மாதவிடாய், வெள்ளைப்படுதல், வீட்டில் அடி வாங்குவது எதையும் அவர் பிள்ளை வாயால் சொல்ல மாட்டார், முதுகுவலி என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். மேசைக்கு ஒரு திரை கட்டுவது, பெண்களுக்குப் பெண் மொழிபெயர்ப்பாளர் கிடைக்கிறாரா என்று முதல் நாளே விசாரிப்பது போன்ற ஏற்பாடுகளை யாராவது ஒருவர் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும். அது நீங்களாக இருக்கலாம்.

செய்யக் கூடாதது ஒன்று உண்டு, இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம். உங்கள் ஊரில் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லாத எதையும் அங்கேயும் செய்யாதீர்கள். ஆள் குறைவு, கூட்டம் அதிகம், "ஒரு ஊசிதானே, காட்டித் தருகிறேன்" என்று யாராவது சொல்வார்கள். மருத்துவ மாணவர்கள் பல் பிடுங்கிப் பழகியதையும், ஆர்வலர்கள் தையல் போட்டதையும் கண்ணால் பார்த்திருக்கிறேன். கற்றுக்கொள்ளும் ஆசை தப்பில்லை. ஆனால் தப்பு நடந்தால் புகார் சொல்ல இடமில்லாத ஒருவரின் உடம்பு அதற்கான இடம் இல்லை. "எனக்கு இது தெரியாது, வேறு வேலை கொடுங்கள்" என்று சொல்லுங்கள். நல்ல குழு அதற்காக உங்களை மதிக்கும். புகைப்படமும் அப்படித்தான். அழுக்குச் சட்டையோடு அழும் குழந்தையின் படத்தை உங்கள் வீட்டுக் குழந்தையாக இருந்தால் உலகத்துக்குக் காட்டுவீர்களா என்று யோசித்தாலே கேமரா பைக்குள் போய்விடும்.

உங்கள் உடம்பையும் பாருங்கள். கல்லீரல் அழற்சி பி (ஹெபடைட்டிஸ் பி) தடுப்பூசி மூன்று தவணை, வழக்கமான அட்டவணையில் முடிய ஆறு மாதம் ஆகும். அதனால் இப்போதே தொடங்குங்கள். தனுர்வாத (டெட்டனஸ்) ஊசி போட்டுப் பத்தாண்டு ஆகியிருந்தால் இன்னொன்று. போகும் இடத்தைப் பொறுத்து மலேரியா தடுப்பு மாத்திரை, மஞ்சள் காய்ச்சல் ஊசி என்று வேறு சிலவும் தேவைப்படும், மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டுவிட வேண்டும். பயன்படுத்திய ஊசிக்கு மூடி போட முயலாதீர்கள், தரையில் கிடந்தால் வெறும் கையால் எடுக்காதீர்கள். குத்திவிட்டால் பிதுக்காமல் சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்துக் கழுவி, அந்த நிமிடமே பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். அந்த மருந்து எங்கே கிடைக்கும் என்று குழு முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்கிறதா என்று கேளுங்கள். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2010இல் ஹைட்டியில் நிலநடுக்கத்துக்குப் பிறகு காலரா பரவியது. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் அதன் தொடக்கம். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள், 2016இல் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் அந்த மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். உதவிக்குப் போகிறவர்களின் குடலிலும் நோய் பயணம் செய்யும். முகாமின் கழிப்பிடம் எங்கே, கழிவு எங்கே போகிறது, பயன்படுத்திய ஊசிகளும் பஞ்சும் எங்கே போகின்றன என்று கேட்பதற்கு எந்தப் பட்டமும் வேண்டாம்.

இன்னொன்றையும் மறைக்க விரும்பவில்லை. பயணச் செலவை அப்படியே அந்த ஊர்ச் சுகாதாரப் பணிக்குக் கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது நடக்குமோ என்ற கேள்வி உங்களுக்கு வரும். சில நேரம் ஆமாம். தலைவலிக்கும் சளிக்கும் மாத்திரை கொடுப்பதற்காக இருபது பேர் தூர தேசம் போவதில் எனக்கு உடன்பாடு இல்லை. அங்கே இல்லாத திறமை ஒன்று போகிறது, அல்லது அங்கிருப்பவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் போகிறார்கள், அல்லது ஆண்டுக்கணக்கில் தொடரும் உறவு என்றால் போவதில் அர்த்தம் இருக்கிறது. கண் மருத்துவத்தில் இதை நன்றாகப் பார்க்கலாம். 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் ஜி. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, கிராமங்களில் முகாம் போட்டுப் பரிசோதித்து, கண்புரை உள்ளவர்களைப் பேருந்தில் ஆஸ்பத்திரிக்கு அழைத்துவந்து, அறுவை முடித்துத் திரும்பக் கொண்டுபோய் விடுகிறது. கிராமத்தில் நடப்பது பரிசோதனைதான், அறுவைக்கு முறையான அரங்கம். போக்குவரத்துக்குக் காசு இல்லை, துணைக்கு ஆள் இல்லை என்ற இரண்டு தடைகளும் அந்தப் பேருந்தில் ஏறியதும் போய்விடுகின்றன.

அந்தப் பேருந்து உங்கள் முகாமில் இருக்காது. அந்த இடைவெளியில்தான் நோயாளிகள் காணாமல் போகிறார்கள். ஒரு முகாமில் மார்பில் கட்டியோடு வந்த பெண்ணுக்கு மேல்சிகிச்சைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி எந்தத் திசையில் என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. மறு ஆண்டு அவரைப் பார்த்தபோது கட்டி புண்ணாகியிருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் மேல்சிகிச்சைக்கென்று தனி நோட்டு வைத்தோம். பெயர், போன், எங்கே போக வேண்டும், என்றைக்கு, யார் கூடப் போவார், வண்டிச் செலவு யாருடையது, போனாரா, என்ன சொன்னார்கள் என்று எட்டுக் கட்டங்கள். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அந்தப் பெயர் முடிந்த கணக்கு இல்லை.

முதல் தடவை அந்த நோட்டை எடுத்துக்கொண்டவர் மருத்துவர் இல்லை, உங்களைப் போல அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். ஊருக்குத் திரும்பிய பிறகும் வாரம் ஒரு சாயங்காலம் ஊர்ப் பணியாளருக்குப் போன் போட்டு ஒவ்வொரு பெயராகக் கேட்டார். 37 பெயர்கள். சிலருக்குத் துணை ஆள் தேவைப்பட்டது, ஒருவருக்குத் தேதி மாறியது தெரியவில்லை, இரண்டு பேர் பயத்தில் போகாமல் இருந்தார்கள், பணியாளர் போய்ப் பேசியதும் கிளம்பினார்கள். மூன்று மாதத்தில் 29 பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்துவிட்டார்கள். மிச்சம் எட்டுப் பேரின் பெயர்களை அடுத்த முகாமின் முதல் நாள் காலையில், வரிசை தொடங்குவதற்கு முன்பே, நாங்கள் தேடிப் போனோம்.

அதனால் நீங்கள் சேரும்போது பொறுப்பாளரிடம் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "மேல்சிகிச்சை நோட்டு யாரிடம் இருக்கிறது? இல்லையென்றால் நான் எடுத்துக்கொள்ளட்டுமா?"